கூலி கேட்கவும் கம்பெனியாக வேண்டுமா?

1980 டிசம்பர் இறுதியில் பெங்களூரின் பொதுத்துறை ஆலைகளில் தொடங்கிய வேலைநிறுத்தம் 1981 மார்ச் வரை 77 நாட்கள் நீடித்தது. எச்.ஏ.எல்., பி.இ.எல்., ஐ.டி.ஐ., எச்.எம்.டி., பி.இ.எம்.எல். ஆகிய ஆலைகளின் தொழிலாளர்கள் ஒன்றாக நின்ற அந்தப் போராட்டத்தில் தமிழ்த் தொழிலாளர்களின் பங்கு சிறிதன்று. கோரிக்கை எது, அதை எவரிடம் வைப்பது, யார் தோழன், யார் கருங்காலி என்பவற்றில் அன்று ஒருவருக்கும் ஐயம் இருந்திருக்க முடியாது. ஆலைக்கு ஒரு வாயில் இருந்தது. அந்த வாயிலில் கூடியவர்கள் தொழிலாளர்கள். உள்ளே இருந்தது நிர்வாகம்.

அந்த ஆலைகளுள் சில சுருங்கிவிட்டன, எச்.எம்.டி.யின் கைக்கடிகாரப் பிரிவு மூடப்பட்டேவிட்டது. தூரவாணி நகரிலும் ராமமூர்த்தி நகரிலும் அல்சூரிலும் வாழும் அடுத்தடுத்த தலைமுறையினரில் ஒரு பகுதியினர் இன்று வீட்டின் ஓர் அறையில் மடிக்கணினியின் முன் அமர்ந்து வேலை செய்கின்றனர். திரைப்படங்களுக்கு சப்டைட்டில் எழுதுகின்றனர்; கைபேசிச் செயலிகளைத் தமிழிலும் கன்னடத்திலும் ஆக்கித் தருகின்றனர்; விளம்பரம் வடிவமைக்கின்றனர்; காணொளி தொகுக்கின்றனர்; நிறுவனங்களுக்குக் கணக்கெழுதித் தருகின்றனர். இவர்களுக்கு மாதச் சம்பளம் இல்லை, இ.எஸ்.ஐ., வருங்கால வைப்பு நிதி இல்லை. ஃப்ரீலான்சர் என்பது இவர்களுக்கு வழங்கும் பெயர். அரசின் அகராதியில் இன்னும் கௌரவமான பெயர் ஒன்று உண்டு: தொழில்முனைவோர்.

பெயரில் என்ன இருக்கிறது என்று விட்டுவிட முடியாது. ஃப்ரீலான்சர் தனக்கு வேலை தருபவரை முதலாளி என்று அழைப்பதில்லை. ‘கிளையன்ட்’ என்கிறார், தமிழில் எழுதினால் ‘வாடிக்கையாளர்’ என்கிறார். வாடிக்கையாளர் என்பவர் கடைக்கு வந்து பொருள் வாங்குபவர். அப்படியானால் வேலை செய்பவர் கடைக்காரர் ஆகிறார். கடைக்காரருக்கு ஏது கூலி, ஏது சங்கம், ஏது விடுப்பு? ஒற்றைச் சொல்லில் ஓர் உறவே தலைகீழாகிவிடுகிறது. அந்த ஆங்கிலச் சொல்லின் மூலமான லத்தீன் சொல்லோ, பண்டைய ரோமில் செல்வந்தப் புரவலர் ஒருவரை அண்டிப் பிழைத்தவரைக் குறித்தது. பணம் கொடுப்பவரை அல்ல, வாங்குபவரைச் சுட்டிய சொல் அது. நடப்பை நோக்கினால் பழைய பொருளே பொருத்தம்.

2025 மே மாதம் கர்நாடக அரசு தளம்சார் கிக் தொழிலாளர்களுக்கான சமூகப் பாதுகாப்பு அவசரச் சட்டத்தைப் பிறப்பித்தது; ஆகஸ்டில் சட்டமன்றம் அதை நிறைவேற்றியது; செப்டம்பரில் ஆளுநரின் ஒப்புதல் கிடைத்தது. ராஜஸ்தான் 2023இல் இயற்றிய சட்டத்துக்குப் பின் இந்தத் திசையில் எடுத்துவைக்கப்பட்ட முக்கியமான அடி இது. தொழிலாளிக்குத் தரப்படும் ஒவ்வொரு தொகையின்மீதும் 1 முதல் 5 சதவீதம் வரை நல நிதிக் கட்டணத்தை நிறுவனம் செலுத்த வேண்டும். எழுத்து மூலமான காரணமும் 14 நாள் முன்னறிவிப்பும் இன்றித் தொழிலாளியை நீக்கக் கூடாது. ஸ்விக்கி, சொமேட்டோ, ஓலா, ஊபர் தொழிலாளர்கள் வெயிலிலும் மழையிலும் நின்று போராடியதன் பயன் இது. அதைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை.

ஆனால் அந்தச் சட்டம் கிக் தொழிலாளி என எவரை ஏற்கிறது? வேலை ஒரு டிஜிட்டல் தளத்தின் வழியாக வந்திருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. தளத்தின் வழியாக அன்றி, மின்னஞ்சலிலோ தொலைபேசியிலோ தெரிந்தவர் மூலமோ வேலை பெறும் மொழிபெயர்ப்பாளரும் வடிவமைப்பாளரும் அதற்குள் வரமாட்டார்கள். 2025 நவம்பர் 21 அன்று ஒன்றிய அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்த தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களும் கிக் தொழிலாளி, தளத் தொழிலாளி என்ற சொற்களை உச்சரித்துவிட்டு, வேலையளிப்பவர்–தொழிலாளி என்ற உறவுக்கு வெளியே அவர்களை நிறுத்திவைத்துள்ளன. நிதி ஆயோக் 2022இல் வெளியிட்ட அறிக்கை, கிக் பொருளாதாரத்தில் உள்ளோர் 2020–21இல் 77 லட்சம் என்றும் 2029–30இல் 2.35 கோடியாவர் என்றும் மதிப்பிட்டது. இதை ஒரு வளர்ச்சிச் சாதனையாகவே அந்த அறிக்கை கொண்டாடியது.

வேலை தேடுவதே வேலை

சுதந்திரமாகத் தொழில் செய்பவரின் நாள் எவ்வாறு கழிகிறது என்று பார்க்க வேண்டும். வேலை செய்யும் நேரத்துக்கு மட்டுமே கூலி. வேலை தேடும் நேரம், மாதிரி எழுதிக் காட்டும் நேரம், விலை பேசும் நேரம், ரசீது அனுப்பும் நேரம், பணத்துக்காக நினைவூட்டும் நேரம் ஆகிய எதற்கும் கூலி கிடையாது. ஆலைத் தொழிலாளியின் விஷயத்தில் ஆள் எடுப்பதும் மேற்பார்வை செய்வதும் கணக்கு வைப்பதும் முதலாளியின் செலவு. அந்தச் செலவு முழுவதும் இங்கே தொழிலாளியின் தலையில் இறங்கியிருக்கிறது. ‘நீங்களே உங்களுக்கு முதலாளி’ என்ற விளம்பர வாக்கியத்தின் உண்மைப் பொருள் இதுதான்.

இணையத்தளங்கள் இதை ஒரு படி மேலே கொண்டுசென்றுள்ளன. எலான்ஸ், ஓடெஸ்க் ஆகிய இரு நிறுவனங்கள் இணைந்து உருவானது கலிஃபோர்னியாவைச் சேர்ந்த அப்வொர்க். அதில் ஒரு வேலைக்கு விண்ணப்பிக்கவே ‘கனெக்ட்’ எனப்படும் வில்லைகளைப் பணம் கொடுத்து வாங்க வேண்டும். ஒன்றின் விலை 15 சென்ட். ஒரு விண்ணப்பத்துக்குப் பல வில்லைகள் செலவாகும். பத்து வில்லை என்றால் ஒன்றரை டாலர். வேலை கிடைக்காவிட்டாலும் விண்ணப்பச் செலவு போனது போனதுதான். கிடைத்தாலோ கூலியிலிருந்து தளம் தனது பங்கைப் பிடித்துக்கொள்ளும். பெங்களூரின் மொழிபெயர்ப்பாளரும் மணிலாவின் மொழிபெயர்ப்பாளரும் நைரோபியின் வடிவமைப்பாளரும் ஒருவரையொருவர் காணாமலேயே ஒருவரைவிட ஒருவர் குறைந்த விலை சொல்லும் ஏலம் அங்கே இரவு பகலாக நடக்கிறது. வேலைக்கு ஆள் பிடித்துத் தரும் மேஸ்திரி இரு தரப்பிலும் கமிஷன் வாங்கும் பழக்கம் பெங்களூரின் கட்டடத் தொழிலாளர்களுக்குப் புதிதன்று. மேஸ்திரியை நேரில் பார்த்துச் சண்டையாவது போடலாம்.

‘மூலதனம்’ முதல் தொகுதியில் துண்டுக் கூலி பற்றிய அத்தியாயம் ஒன்று உண்டு. பீஸ் ரேட் எனப்படும் அந்த முறையில் வேலையின் தரத்தையும் வேகத்தையும் கூலியே கட்டுப்படுத்துவதால் மேற்பார்வையின் தேவை பெருமளவு குறைந்துவிடும் என்றும், தன் சொந்த நலனுக்காகவே உழைப்பதாகத் தொழிலாளி எண்ணித் தன்னைத் தானே விரட்டிக்கொள்வார் என்றும், தொழிலாளருக்கிடையே போட்டி பெருகிச் சராசரிக் கூலி கீழிறங்கும் என்றும், நடுவே தரகர்கள் புகுந்து தங்கள் பங்கை எடுக்க வசதியாகும் என்றும் மார்க்ஸ் அதில் விளக்குகிறார். மடிக்கணினியின் முன் அமர்ந்திருப்பவரின் நிலை இதில் எதைத் தாண்டியிருக்கிறது?

மார்க்ஸ் இதைப் புத்தகத்திலிருந்து மட்டும் அறிந்தவரல்லர். 1850களின் தொடக்கம் முதல் 1862 வரை அவர் ‘நியூயார்க் டெய்லி டிரிப்யூன்’ நாளிதழுக்கு லண்டனிலிருந்து எழுதினார். கட்டுரைக்கு ஒரு பவுன். பின்னர் இரண்டு பவுன். அச்சேறியதற்கு மட்டுமே பணம். நல்ல கட்டுரைகள் சில, அவர் பெயரின்றித் தலையங்கமாகவே வெளியாயின. 1857இல் நெருக்கடி வந்ததும் வாரம் ஒரு கட்டுரைக்கே பணம் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. இந்தியா குறித்து அவர் எழுதிய, இன்றளவும் தோழர்கள் படித்து விவாதிக்கும் கட்டுரைகள் இந்தத் துண்டுக் கூலிக்கு எழுதப்பட்டவையே. தொடக்கத்தில் மார்க்ஸ் ஜெர்மனில் எழுதியதை மான்செஸ்டர் அலுவலகத்தில் பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு ஆங்கிலமாக்கி அனுப்பியவர் எங்கெல்ஸ். ஊதியமில்லா மொழிபெயர்ப்பாளர்களின் பட்டியலில் முதல் பெயர் அவருடையதாக இருக்கலாம்! அந்த முதலாளித்துவ ஏடு மார்க்சுக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுத்திருந்தால் வரலாறே மாறியிருக்கும் என்று 1961இல் அமெரிக்க அதிபர் கென்னடி பத்திரிகை முதலாளிகளின் கூட்டத்தில் வேடிக்கையாகப் பேசினார். கட்டுரைக்கு இரண்டு பவுன் அல்ல, இருபது பவுன் கொடுத்திருந்தாலும் துண்டுக் கூலி அத்தியாயம் எழுதப்பட்டுத்தான் இருக்கும்.

ஆற்றுப்படையும் ஏலமும்

தமிழுக்குப் புரவலரைத் தேடுவது புதிதன்று. பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் ஆற்றுப்படைகள். திருமுருகாற்றுப்படை முருகனிடம் வழிகாட்டுவது. ஏனைய நான்கும் பொருநர், பாணர், கூத்தர் ஆகிய கலைஞர்களை வள்ளல்களிடம் ஆற்றுப்படுத்துபவை. பரிசில் பெற்றுத் திரும்பும் ஒருவர், வறுமையோடு எதிர்வரும் மற்றொருவரைக் கண்டு, எந்த வழியே போக வேண்டும், எங்கே தங்கலாம், அந்த வள்ளல் எப்படிப்பட்டவர் என்று விரிவாகச் சொல்லி அனுப்புவது அதன் அமைப்பு. பணம் தரத் தாமதிக்கும் புரவலரிடம் நினைவூட்டிக் கேட்பதற்கும் அன்றே ‘பரிசில் கடாநிலை’ என்று ஒரு துறை வகுத்திருந்தனர். இன்றைய ஃப்ரீலான்சர் மூன்றாவது முறையாக அனுப்பும் மின்னஞ்சலின் துறை அதுவே. அதியமான் நெடுமான் அஞ்சி தன்னை நேரில் காணாமலே கொடுத்தனுப்பிய பரிசிலை, நான் வணிகனல்லன் என்று கூறிப் பெருஞ்சித்திரனார் மறுத்ததைப் புறநானூறு பதிவு செய்திருக்கிறது.

அந்தக் காலத்தைப் பொற்காலமாக்க வேண்டியதில்லை. வள்ளல் கொடுத்த பொன்னில் போர்க்கொள்ளையும் இருந்தது. உழவரின் விளைச்சலும் இருந்தது. பாணரின் வறுமையைப் பாடிய புலவர்கள் அந்த வறுமையின் வேரைத் தேடவில்லை. ஆயினும் ஒன்று கவனிக்கத்தக்கது. பெற்றவர் பெறாதவருக்கு வழி சொன்னார். இன்றைய தளமோ, பெறாதவர் இருவரை எதிரெதிரே நிறுத்தி, யார் குறைவாகக் கேட்கிறீர்கள் என்கிறது. ஒருவர் எவ்வளவு பெறுகிறார் என்பது மற்றவருக்குத் தெரியாமல் காக்கப்படுவதில்தான் இந்த வணிகத்தின் உயிர் இருக்கிறது.

பெங்களூரின் மொழிபெயர்ப்பு வேலையிலும் இதே இருட்டு நிலவுகிறது. வெளிநாட்டு நிறுவனம் ஒன்று பெரிய முகமையிடம் வேலையைத் தரும். அந்த முகமை இங்குள்ள சிறிய முகமையிடம் தள்ளும். அது தனியாள் ஒருவரிடம் அனுப்பும். இறுதியில் வேலை செய்பவருக்கு முதலில் பேசப்பட்ட வீதம் என்னவென்றே தெரியாது. சொல் எண்ணிக்கையிலும் ஒரு சூது உண்டு. ‘இன் த ஹவுஸ் ஆஃப் த டீச்சர்’ என்பது ஆங்கிலத்தில் ஆறு சொல். ‘ஆசிரியரின் வீட்டில்’ என்பது தமிழில் இரண்டே சொல். மூலத்தின் சொற்களை எண்ணிப் பணம் தருவதா, தமிழாக்கத்தின் சொற்களை எண்ணித் தருவதா என்பதை முன்கூட்டியே பேசாத புதியவர் ஆறு சொல்லின் உழைப்புக்கு இரண்டு சொல்லின் கூலி பெறுவார். ஒட்டுநிலை மொழியாகப் பிறந்ததற்குத் தமிழ் செலுத்தும் அபராதம் இது.

இப்போது எந்திர மொழிபெயர்ப்பும் சேர்ந்துகொண்டது. எந்திரம் செய்து வைத்த தமிழைக் கொடுத்து, ‘சரிபார்த்தால் போதும்’ என்று கூறி, முழு வீதத்தில் ஒரு பங்கை மட்டும் தருகின்றனர். பிழை மலிந்த வாக்கியத்தைத் திருத்துவதைவிடப் புதிதாக எழுதுவது எளிது என்பது இத்தொழிலில் உள்ள எவருக்கும் தெரியும். எந்திரத்தின்மீது பழி போட்டுப் பயனில்லை. வீதத்தை நிர்ணயிப்பது எந்திரமன்று. 2023இல் அமெரிக்கத் திரைக்கதை எழுத்தாளர் சங்கம் 148 நாள் வேலைநிறுத்தம் செய்து, செயற்கை நுண்ணறிவு எழுதியதைக் காட்டி எழுத்தாளரின் ஊதியத்தையும் உரிமையையும் குறைக்கக் கூடாது என்ற உடன்பாட்டைப் பெற்றது. அவர்களும் படத்துக்குப் படம் வேலை தேடுபவர்களே. சங்கம் இருந்ததால் குறைந்தபட்ச வீதம் இருந்தது. வீதம் இருந்ததால் அதைக் காக்கப் போராட முடிந்தது.

பதிவு செய்தால் பணம்

வேலையை முடித்துக் கொடுத்த பின் பணம் வராவிட்டால் என்ன செய்வது? இதற்கு நடைமுறையில் உள்ள சிறந்த ஆயுதம், தொழிலாளர் சட்டம் எதிலும் இல்லை. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டத்தில் இருக்கிறது. அதன் 15ஆம் பிரிவின்படி ஒப்பந்தத்தில் எந்தத் தேதி எழுதியிருந்தாலும் 45 நாட்களுக்கு மேல் பணத்தை நிறுத்திவைக்கக் கூடாது. தேதி எதுவும் பேசப்படாவிட்டால் 15 நாட்களுக்குள் தந்தாக வேண்டும். தவறினால் 16ஆம் பிரிவின்படி, ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டி வீதத்தைப் போல் மூன்று மடங்கு, மாதந்தோறும் கூட்டு வட்டியாக ஏறும். மாநில அரசின் வசதியாக்கக் குழுவிடம் முறையிடலாம். குழுவின் தீர்ப்பை எதிர்த்து நீதிமன்றம் செல்ல விரும்பும் நிறுவனம், தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை முதலில் செலுத்த வேண்டும். 2024 ஏப்ரல் 1 முதல் இன்னொரு பிடியும் சேர்ந்துள்ளது: உரிய காலத்துக்குள் பணம் தராத நிறுவனம், உண்மையில் பணம் தரும்வரை அதைத் தன் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது. நிறுவனங்களின் கணக்குப் பிரிவு மற்றெதற்கும் அஞ்சாவிட்டாலும் இதற்கு அஞ்சும்.

மொழிபெயர்ப்பும் வடிவமைப்பும் சேவைத் தொழில்கள் என்பதால் தனியொருவரும் இதைப் பயன்படுத்தலாம். செய்ய வேண்டியது ‘உதயம்’ தளத்தில் பதிவு மட்டுமே. அதற்குக் கட்டணம் இல்லை. கட்டணம் கேட்கும் தரகர்களை நம்ப வேண்டாம். வேலையை ஏற்கும் முன்பே பதிவை முடித்து, அந்த எண்ணை ஒப்புதல் கடிதத்திலும் ரசீதிலும் குறிப்பிடுவது பாதுகாப்பானது; பின்னர் பெற்ற பதிவு முந்தைய ஒப்பந்தத்துக்குச் செல்லுமா என்ற சிக்கலில் பலர் நீதிமன்றங்களில் அலைந்துள்ளனர். வெளிநாட்டு நிறுவனத்திடம் இந்தச் சட்டம் பலிக்காது. அங்கே முன்பணம் ஒன்றே காப்பு. இவற்றோடு, பழகியவர்கள் கடைப்பிடிக்கும் சில வழக்கங்களும் உண்டு. பாதிப் பணம் முன்னதாக. பெரிய வேலையைப் பகுதி பகுதியாகக் கொடுத்து ஒவ்வொரு பகுதிக்கும் பணம் வந்த பின் அடுத்தது. எத்தனை முறை திருத்தம் என்பது எழுத்தில். வாய்வார்த்தையாகப் பேசியதையும் அன்றே ஒரு மின்னஞ்சலில் எழுதி அனுப்பிவிட்டால் அது சான்றாகும். ஒரே இடத்தை நம்பிப் பிற தொடர்புகளை அறுத்துக்கொள்பவர் அந்த இடம் கைவிடும் நாளில் நடுத்தெருவில் நிற்பார்.

இவையெல்லாம் பயனுள்ளவை, தோழர்கள் தம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியவை. ஆனால் இங்கேயுள்ள கோணலைக் காண வேண்டும். செய்த வேலைக்குக் கூலி கேட்க ஒருவர் தன்னை ஒரு ‘நிறுவனம்’ என்று அரசிடம் பதிவு செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. தொழிலாளியாக நின்றால் சட்டத்துக்கு அவரைத் தெரியாது. கம்பெனியாக வந்தால் கூட்டு வட்டியோடு வரவேற்கிறது. கம்பெனி ஆன பின்னரோ சிக்கல் வேறு. தொழிலாளர்கள் கூடிக் குறைந்தபட்சக் கூலி இது என்று முடிவு செய்தால் அது சங்க உரிமை. நிறுவனங்கள் கூடி விலை முடிவு செய்தால் அது போட்டிச் சட்டத்தின் கண்ணில் கூட்டுச்சதி. தனித்தனியே பணம் வசூலிக்கலாம். சேர்ந்து வீதம் கேட்கக் கூடாது. ஐரோப்பாவில் இந்த முரண் முற்றியதால்தான் 2022 செப்டம்பரில் ஐரோப்பிய ஆணையம், தனியாளாகத் தொழில் செய்வோரின் கூட்டுப் பேரத்துக்குப் போட்டிச் சட்டம் குறுக்கே நில்லாது என்று வழிகாட்டு நெறிகளை வெளியிட நேர்ந்தது. ஆண்டு வருமானத்தில் பாதியேனும் ஒரே இடத்திலிருந்து பெறுபவர் பொருளாதார வகையில் சார்ந்திருப்பவர் என்பது அதில் ஓர் அளவுகோல்.

பீடித் தொழிலாளர் காட்டிய வழி

இந்தியாவுக்கு இந்தக் கேள்வி ஐரோப்பாவிலிருந்து இறக்குமதியாக வேண்டியதில்லை. வீட்டில் இருந்தபடி, எண்ணிக்கைக்குக் கூலி வாங்கி, தரகர் வழியாக முதலாளிக்கு வேலை செய்தவர்கள் இங்கே லட்சக்கணக்கில் இருந்தனர். அவர்கள் பீடித் தொழிலாளர்கள். ‘இவர்கள் எங்கள் ஆட்களே அல்லர், இலையும் தூளும் வாங்கிச் சென்று விருப்பமான நேரத்தில் சுற்றித் தருபவர்கள்’ என்பதுதான் பீடி முதலாளிகளின் வாதமும். சேலத்தின் பீடித் தொழிலாளர் சங்கம் எதிர்தரப்பாக நின்ற வழக்கில், 1964இல் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. இடைத்தரகர்கள் பெயருக்கு மட்டுமே என்றும் வீட்டில் சுற்றுபவர்களும் முதலாளியின் தொழிலாளர்களே என்றும் தீர்ப்பளித்தது. 1966இல் நாடாளுமன்றம் இயற்றிய பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வீட்டுத் தொழிலாளியையும் தொழிலாளி என்ற வரையறைக்குள் கொண்டுவந்தது. கர்நாடகத்தின் மங்களூர் கணேஷ் பீடி நிறுவனம் உள்ளிட்ட முதலாளிகள் அதை எதிர்த்துச் சென்றபோது, 1974இல் உச்ச நீதிமன்றம் சட்டத்தை உறுதி செய்தது. அதற்கு முந்தைய ஆண்டு, நேரக் கட்டுப்பாடு இன்றித் துண்டுக் கூலிக்குத் தைத்த தையல்காரர்களும் கடையின் தொழிலாளர்களே என்று சில்வர் ஜூபிலி தையலக வழக்கில் அதே நீதிமன்றம் கூறியிருந்தது.

இந்தத் தீர்ப்புகளில் ஊடாடும் ஒரு கருத்து இன்றைக்கு மிகவும் பொருந்தும். சரியில்லாத பீடியை ஒதுக்கித் தள்ளும் உரிமை, தையலைப் பிரித்து மீண்டும் தைக்கச் சொல்லும் உரிமை எவருக்கு இருக்கிறதோ, அவருக்குக் கட்டுப்பாடும் இருக்கிறது. அருகில் நின்று மேற்பார்வை செய்தால்தான் முதலாளி என்பதில்லை. ஒரு விளம்பரத்தின் தமிழாக்கத்தை ஐந்து முறை திருப்பி அனுப்பி, ஒவ்வொரு முறையும் சொல்லை மாற்றச் சொல்லி, இறுதியில் பிடிக்கவில்லை என்று பணமும் தராமல் விடும் ‘வாடிக்கையாளர்’ கையில் இருப்பது இதே உரிமைதான்.

எல்லா ஃப்ரீலான்சரும் தொழிலாளி என்று சாதிப்பதும் தவறாகும். நான்கு பேரை வேலைக்கு வைத்து, முகமை நடத்தி, அவர்களுக்குப் பாதி வீதம் தருபவரும் தன்னை ஃப்ரீலான்சர் என்றே அழைத்துக்கொள்வார். கோடிக்கணக்கில் ஆலோசனைக் கட்டணம் வாங்குபவருக்குச் சங்கம் தேவையில்லை. எவரிடம் விற்பதற்குத் தம் உழைப்பைத் தவிர வேறெதுவும் இல்லையோ, எவர் வீதத்தை நிர்ணயிக்க இயலாமல் சொன்ன வீதத்தை ஏற்கிறாரோ அவரைப் பற்றியதே இந்தப் பேச்சு.

நியூயார்க் நகரில் 2017 மே முதல் நடைமுறையில் உள்ள ஒரு சட்டம், 800 டாலரும் அதற்கு மேலும் மதிப்புள்ள எந்த வேலைக்கும் எழுத்து மூலமான ஒப்பந்தம் கட்டாயம் என்கிறது; தேதி குறிக்கப்படாவிட்டால் வேலை முடிந்த 30 நாளுக்குள் பணம் தர வேண்டும்; தராதவர் இரு மடங்கு ஈடு தர நேரிடலாம். ஒருவர் தன்னை நிறுவனமாகப் பதிவு செய்ய வேண்டும் என்று அது கேட்பதில்லை. ஃப்ரீலான்சர்கள் அமைப்பாகத் திரண்டு கேட்டதால் வந்த சட்டம் அது. தகவல் தொழில்நுட்பத் தலைநகரம் என்று பெருமை பேசும் கர்நாடகத்துக்கு இப்படியொரு சட்டம் இயற்றுவது ஆகாத காரியமன்று. கிக் தொழிலாளர் நலச் சட்டத்தைத் தளத்துக்கு வெளியே வேலை பெறும் தனியாட்களுக்கும் விரிவாக்கக் கோரலாம். கர்நாடகத் தகவல் தொழில்நுட்ப ஊழியர் சங்கம் 2017 முதல் இந்த நகரில் இயங்குகிறது. 14 மணி நேர வேலைநாள் யோசனையை 2024இல் தெருவில் எதிர்த்த சங்கம் அது. அலுவலகத்துக்கு வெளியே இருப்பவர்களையும் சேர்ப்பது அடுத்த அடியாக இருக்கலாம்.

சொல்லியாக வேண்டிய இன்னொன்றும் உண்டு, கசப்பானது. மொழிபெயர்ப்பாளருக்கு உரிய கூலியை உரிய நாளில் தராதவர்களின் வரிசையில் முற்போக்குப் பதிப்பகங்களும் இதழ்களும் நின்றிருக்கின்றன. ‘இயக்கப் பணி’ என்ற சொல் பல சமயம் உண்மை. சில சமயம் கணக்கை மூடும் மூடி. விரும்பி ஏற்ற தொண்டு வேறு. புத்தகம் மூன்று பதிப்பு விற்ற பின்னும் மொழிபெயர்ப்பாளருக்குக் கைந்நிறையப் பிரதிகளை மட்டும் கொடுத்து அனுப்புவது வேறு. கட்சிக்காரர் என்பதற்காகக் கூலி கேட்கக் கூசும் தோழரின் வீட்டிலும் வாடகை தேதி தவறாமல் வருகிறது. எது தொண்டு, எது வேலை என்பதை முன்கூட்டியே எழுதி இருவரும் கையொப்பமிடும் ஒரு பக்கத் தாளை இடதுசாரிப் பதிப்பகங்கள் முதலில் நடைமுறைப்படுத்தலாம். பிறரிடம் கோரிக்கை வைக்கும்போது குரல் தடுமாறாமல் இருக்கும்.

பெங்களூரில் இதைத் தொடங்கப் பெரிய மண்டபம் தேவைப்படாது. அல்சூரிலோ சிவாஜி நகரிலோ ஒரு ஞாயிறு மாலை பத்து மொழிபெயர்ப்பாளர்கள், வடிவமைப்பாளர்கள் கூடலாம். கன்னடர், தமிழர், தெலுங்கர் என்ற பேதமின்றி. கடைசியாகச் செய்த வேலை எவருக்கு, என்ன வீதம், மூலச் சொல்லுக்கா தமிழ்ச் சொல்லுக்கா, பணம் எத்தனை நாளில் வந்தது என்பதை ஒவ்வொருவரும் ஒரே தாளில் எழுதிக் காட்டலாம். ஒரே முகமை ஒருவருக்கு ஒரு வீதமும் அடுத்தவருக்கு அதில் பாதியும் தருவது அப்போதுதான் தெரியவரும். எந்தப் பெயருக்கு எதிரே ‘இன்னும் வரவில்லை’ என்பது மீண்டும் மீண்டும் வருகிறது என்பதும் தெரியும். அந்தத் தாளில் தோழமைப் பதிப்பகம் ஒன்றின் பெயர் வருமானால் அதையும் மறைக்காமல் எழுத வேண்டும்.